தலைகீழி

பள்ளத்தூரில் பதினெட்டுப் புள்ளி வீடு.
கல்யாணத்துக்குத் திறந்தார்கள்.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு,
மாடியில் ஓர் அங்குலத்துக்குப் புறா எச்சம்.
சேவுகனும் நானும் ஆறு நாளில் கழுவி முடித்தோம்.

கூலி ஒன்பதாயிரம்.
புள்ளிக்கு ஐநூறு என்று பிரித்தார் காரியக்காரர் கதிரேசன்.
சிங்கப்பூர்ப் பங்கு, கோயம்புத்தூர்ப் பங்கு,
கோர்ட்டில் கிடக்கும் அரைப் பங்கு இரண்டு,
பைசா பிசகவில்லை.

எங்களுக்குப் பிரிக்கும்போது மட்டும்
பேனாவைத் திறக்கவில்லை.
ஆம்பளைக்கு நாளுக்குத் தொள்ளாயிரம்,
பொம்பளைக்கு அறுநூறு.
சுத்துப்பட்டு முழுக்க அதுதான் ரேட்டு.
இரண்டும் சேவுகன் செல்லுக்கே வந்தன.
"ஒரே உலைக்குத்தானே போகுது" என்றான்.
போகுதுதான்.

ராத்திரி குரூப் ஃபோர் கைடைப் பிரித்தேன்.
வேலையும் நேரமும், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
அதில் எப்போதும் ஏ-யும் பி-யும்தான் வேலை செய்கிறார்கள்.
கூலி என்ன என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

பெயரை மாற்றிப் பார்த்தேன்.
ந என்றால் நான், அ என்றால் அவன்,
இ என்றால் இருவரும் சேர்ந்து.

1/ந + 1/அ = 1/இ

வேண்டிய மாறியைத் தனியே நிறுத்து,
மற்றதெல்லாம் பக்கம் மாறட்டும், என்கிறது கைடு.
முதலில் என்னைத்தான் தனியே நிறுத்தினேன்.
பழக்கம்.
அப்புறம் அடித்துவிட்டேன்.
போன வருஷம் அவன் திருப்பூரில் இருந்தபோது
இதே வீட்டை, படைப்புக்காக,
ஒற்றை ஆளாய்ப் பத்து நாளில் கழுவியவள் நான்.
தெரிந்ததை எதற்குத் தேட?

அ-வை நிறுத்தினேன்.
இந்தப் பக்கம் கூட்டலாய் இருந்தவள்
சமக்குறியைத் தாண்டியதும் கழித்தலானேன்.

1/அ = 1/இ − 1/ந

பகுதிகள் வேறு வேறாக இருந்தால் கழிக்க முடியாது.
இரண்டையும் ஒரே தரையில் நிறுத்தினேன்.

1/அ = (ந − இ)/இந

மேலே ந − இ.
பத்தில் ஆறு போக நாலு.
அவன் வந்ததால் எனக்கு மிச்சமான நாள்.
அது பூச்சியமாக இருந்திருந்தால்
அவன் வந்ததும் வராததும் ஒன்று,
கணக்கு அங்கேயே நின்றிருக்கும்.
அப்படிச் சொல்ல மாட்டேன்.
உச்சி ஏணியில் ஏறுகிறவன் அவன்.
புறாக்கூட்டைக் குஞ்சு பதறாமல்
பக்கத்து மாடத்துக்கு மாற்றியவன் அவன்.
நாலு நாள் அவனுடையது. எழுதிவிட்டேன்.

அறுபதில் நாலு, பதினைந்தில் ஒன்று.
இங்கேதான் பாதிப் பேர் விடை என்று வட்டம் போடுவார்கள்.
கேட்டது அ, கிடைத்திருப்பது அதன் தலைகீழி.
கவிழ்க்க வேண்டும்.

அ = 15

அப்படியானால் அந்த ஆறு நாளில்
ஐந்தில் மூன்று பங்கு வீடு என் கையில் வெளுத்தது,
இரண்டு பங்கு அவன் கையில்.
ஒன்பதாயிரத்தில்
எனக்கு ஐயாயிரத்து நானூறு,
அவனுக்கு மூவாயிரத்து அறுநூறு.
ஆறு தொள்ளாயிரம் எவ்வளவு,
ஆறு அறுநூறு எவ்வளவு என்று பெருக்கினேன்.
அதே இரண்டு தொகை.
ஆள்தான் மாறியிருந்தது.

கதிரேசன் பின்னத்தைத் தப்பாக எழுதவில்லை.
கவிழ்க்க மறந்திருந்தார்.

சேவுகனிடம் சொல்லவில்லை.
தையில் அதே வீட்டில் அறுபதாம் கல்யாணம்.
எனக்குக் காரைக்குடியில் கோச்சிங்,
அவன் தனியாகப் போனான்.

பதினோராம் நாள் ராத்திரி
ஸ்பீக்கரில் கதிரேசன் குரல்:
"இன்னுமாடா முடியல?"
"நாலு நாள் ஆகும்ணே."

தைலம் எடுத்துவந்தேன்.
வலது தோளுக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி,
அவன் காட்டுவதற்கு முன்பே
என் விரல் அங்கே போயிருந்தது.

குப்புறப் படுத்தபடியே கேட்டான்,
"அந்தப் படைப்புக்கு நீ எத்தனை நாள்ல முடிச்ச?"

பத்து என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு தலையணைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து
விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான்.